இளம் ஓட்டக்காரரின் வெற்றியை முன்னறிதல்

1876 ஆம் ஆண்டில், இலண்டன் நகருக்கு அண்மையிலுள்ள எப்பிங் காட்டில், இங்கிலாந்து முழுமைக்குமான முதல் கிராஸ்கண்ட்ரி போட்டி நடைபெற்றது. ஓட்டத்தில் இறங்கியவர் 32 பேர். முந்துபவர் யார், பிந்துபவர் யார் என்று அன்று கணக்கிட்டவர் இருந்திருப்பின், அவர்கள் அனைவருடைய கணக்கும் ஒருசேரப் பொய்த்திருக்கும். ஏனெனில் ஓடிய 32 பேரும் வழி தவறிப் போயினர். போட்டி செல்லாது என அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு மீண்டும் நடத்தப்பட்டது.

இக்காலத்தில் வழியின் இருபுறமும் கயிறும் கொடியும் கட்டித் திருப்பங்களில் ஆள் நிறுத்தி வைப்பதால், ஓடுபவர் வழி தவறுவது அரிது. ஆயினும் அன்று போட்டியைக் குலைத்த அந்த நிலமே இன்றும் முன்கணிப்பைக் குலைத்து வருகிறது. 400 மீட்டர் ஓடுபாதை எந்த ஊரில் இருந்தாலும் 400 மீட்டரே. அதில் ஒரு மாணவன் 1,500 மீட்டரை ஓடி முடித்த நேரம் டில்லியிலும் கௌஹாத்தியிலும் ஏறத்தாழ ஒரே பொருளைத் தரும். கிராஸ்கண்ட்ரி ஓட்டமோ புல்வெளி, உழுத நிலம், மணல், மேடு, நீரோடை ஆகியவற்றின் மேல் செல்வது. 4 கிலோமீட்டர் என்று எழுதப்பட்ட இரண்டு வழிகளுள் ஒன்றை 15 நிமிடத்தில் கடக்கும் சிறுவன், மற்றதைக் கடக்க 17 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். அவன் தளர்ந்துவிட்டான் என்பது இதற்குப் பொருளன்று. நிலம் மாறிவிட்டது என்பதே பொருள்.

இருப்பினும் முன்கணிப்பு இன்றி எந்தப் பள்ளியும் இயங்குவதில்லை. மாவட்டப் போட்டிக்கு முப்பது பேரிலிருந்து அறுவரைத் தேர்ந்தெடுக்கும் உடற்பயிற்சி ஆசிரியர், தாம் அறிந்தோ அறியாமலோ ஒரு முன்கணிப்பைச் செய்கிறார். விளையாட்டு விடுதியில் இடம், பயணச் செலவு, உணவுப்படி, சில குடும்பங்களில் மகளின் படிப்பு தொடர்வதும் நிற்பதும்கூட, அந்தக் கணிப்பைப் பொறுத்து அமைகின்றன. ஆகவே அது எத்துணை தூரம் நம்பத்தக்கது, எவ்விடத்தில் நம்பத்தகாதது என்பதை ஆராய்வது பயனுடையது.

உடலியல் அளவைகள் சொல்வதும் சொல்லாததும்

ஓட்டத்திறனை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் முயற்சி பெரிதும் ஆங்கில உடலியலறிஞர் ஏ. வி. ஹில் என்பவரிடமிருந்து தொடங்குகிறது. தசையில் வெப்பம் தோன்றும் முறையை ஆராய்ந்து 1922 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசினைப் பெற்ற அவர் தாமே ஓர் ஓட்டக்காரர். ஓடுபவரின் மூச்சைப் பையில் பிடித்து ஆராய்ந்த அவரும் அவருடைய துணைவர்களும், வேகம் கூடக்கூட உடல் நுகரும் பிராணவாயுவின் அளவும் கூடி, ஓர் எல்லையை அடைந்தபின் மேலே ஏறாது நிற்பதைக் கண்டனர். இந்த எல்லையே உச்சப் பிராணவாயு நுகர்வு எனப்படுகிறது. வாளா அமர்ந்திருக்கும் மனிதர் ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 3.5 மில்லிலிட்டர் பிராணவாயுவை நுகர்கிறார். நன்கு பழகிய நெடுந்தொலைவு ஓட்டக்காரர் உச்ச வேகத்தில் 70 மில்லிலிட்டரையும் கடக்கக்கூடும்.

இந்த ஓர் எண்ணைக் கொண்டே வெற்றியை முன்னறியலாம் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. பல தரத்தினர் கலந்த கூட்டத்தில் அந்நம்பிக்கை பொய்க்கவும் இல்லை. 70 உடையவன் 50 உடையவனை முந்துவான் என்று கூற ஆய்வுக்கூடமே வேண்டியதில்லை. ஆனால் மாவட்டப் போட்டியிலோ மாநிலப் போட்டியிலோ எதிர்ப்படுபவர்கள் முன்னரே சலித்தெடுக்கப்பட்டவர்கள். அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான கான்லி, கிராகென்புல் ஆகிய இருவரும் 1980 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. 10 கிலோமீட்டரை ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 12 தேர்ந்த ஓட்டக்காரர்களை அவர்கள் சோதித்தனர். பன்னிருவரின் உச்சப் பிராணவாயு நுகர்வும் அவர்கள் போட்டியில் ஓடிய நேரமும் தம்முள் தொடர்பற்றே கிடந்தன எனலாம். மாறாக, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓட ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பிராணவாயு தேவைப்பட்டது என்னும் அளவு, நேர வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை விளக்கிற்று. ஒரே கொள்ளளவுடைய எண்ணெய்த் தொட்டிகளைக் கொண்ட இரண்டு மோட்டார் வண்டிகளுள், லிட்டருக்கு மிகுதியான தொலைவு செல்வதே முந்துவதைப் போன்றது இது. இப்பண்பினை ஓட்டச் சிக்கனம் என்பர்.

ஓட்டச் சிக்கனம் பிறவியிலேயே முடிந்துவிட்ட ஒன்றன்று. பிரிட்டனைச் சேர்ந்த பவுலா ராட்கிளிஃப் என்ற ஓட்டக்காரியை உடலியலறிஞர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் 1992 முதல் 2003 வரை தொடர்ந்து சோதித்து, முடிவுகளை 2006 இல் வெளியிட்டார். 18 வயதிலேயே ராட்கிளிஃப்பின் உச்சப் பிராணவாயு நுகர்வு கிலோகிராமுக்கு நிமிடத்திற்கு 70 மில்லிலிட்டர் அளவில் இருந்தது. அடுத்த பதினோர் ஆண்டுகளிலும் அது பெரிதாக மாறவில்லை. ஆனால் ஓட்டச் சிக்கனம் 15 சதவீதம் மேம்பட்டிருந்தது. 2003 இல் இலண்டனில் அவர் மாரத்தான் தொலைவை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி நிறுவிய உலகச் சாதனை 2019 வரை எவராலும் முறியடிக்கப்படவில்லை. 1992 இல் எடுத்த அளவையை மட்டும் கையில் வைத்திருந்தவர் அவரை மிகச் சிறந்தவர் என்று கூறியிருக்கலாம். அதன் மேலும் எவ்வளவு உயர்வார் என்பதை அந்த எண்ணிலிருந்து படித்திருக்க இயலாது.

சிறுவர்களிடத்து இச்சிக்கல் இன்னும் பெரிது. 10 முதல் 18 வயது வரையான ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த டேனியல்ஸும் கூட்டாளிகளும் 1978 இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஆண்டுதோறும் சிறுவர்களின் ஓட்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஆயினும் எடைக்கு ஏற்பக் கணக்கிட்ட அவர்களுடைய உச்சப் பிராணவாயு நுகர்வு ஏறவில்லை. ஒரே வேகத்தில் ஓடுவதற்குச் சிறு பிள்ளைகள் எடைக்கு எடை பெரியவர்களைவிட மிகுதியான பிராணவாயுவைச் செலவிடுகின்றனர். கால் நீண்டு, நடை பழகி, உடல் வளரும்போது அச்செலவு குறைகிறது. எனவே 13 வயதினரை ஆய்வுக்கூடத்தில் அளந்து 18 வயதின் வெற்றியைக் கூற முற்படுவது, நாற்றின் உயரத்தை அளந்து கதிரின் எடையைக் கூறுவதை ஒக்கும்.

ஆய்வுக்கூடம் இல்லாத இடங்களில் கைக்கொள்ளத்தக்க சோதனைகள் சில உண்டு. அமெரிக்க விமானப்படையின் மருத்துவர் கென்னத் கூப்பர் 1968 இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டச் சோதனையில், அந்நேரத்துள் எவ்வளவு தொலைவு கடக்கப்படுகிறது என்பது மட்டுமே அளக்கப்படுகிறது. கனடா நாட்டின் லெஜே என்பாரும் லாம்பர்ட் என்பாரும் 1982 இல் அமைத்த மற்றொரு சோதனையில், 20 மீட்டர் இடைவெளியிட்ட இரண்டு கோடுகளுக்கிடையே மணியோசைக்கேற்ப மாறி மாறி ஓட வேண்டும். ஓசையின் வேகம் படிப்படியாக உயரும். இரண்டும் மலிவானவை, ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே காலையில் சோதிக்க உதவுபவை. நம் நாட்டுப் பள்ளிகளில் கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டின் கீழ் எடுக்கப்படும் 600 மீட்டர் ஓட்டமும் ஆசிரியர்களின் கைவசம் உள்ளது. ஆனால் 600 மீட்டர் ஓட்டம் இரண்டு அல்லது மூன்று நிமிடங்களில் முடிந்துவிடுவது. அதில் தசைவலிமையும் விரைவும் பெறும் பங்கு 4 கிலோமீட்டர் ஓட்டத்தில் பெறும் பங்கினும் மிகுதி. உடல் முதிர்ந்த சிறுவனை அது உயர்த்திக் காட்டும். பொதுத் தகுதியை அறிய அது ஏற்றது. கிராஸ்கண்ட்ரி அணியைத் தேர்வதற்கு ஏற்றதன்று.

ஓட்டத்தை ஓட்டத்தால் அளத்தல்

இவை அனைத்தினும் நம்பத்தக்கது ஒன்று உண்டு. போட்டிக்கு முன் அதே பருவத்தில், ஏறத்தாழ அதே தொலைவில், பிறருடன் போட்டியிட்டு ஓடிய ஓட்டங்களின் பதிவே அது. தசை, மூச்சு, சிக்கனம், மனத்திண்மை, மேடு ஏறும் பழக்கம் ஆகிய எல்லாம் அதனுள் ஒன்றாகவே அடங்கியுள்ளன. நிலம் மாறுவதுதான் அதிலுள்ள இடர்ப்பாடு. அதனை நீக்கும் வழி எளியது. கூட்டலும் கழித்தலும் அறிந்தவர் எவரும் செய்யக்கூடியது.

இரண்டு வழிகளிலும் ஓடியவர்களைப் பாலமாகக் கொள்வதே அவ்வழி. ஒரு பள்ளி மைதானத்து வழியிலும், மூன்று வாரம் கழித்து ஒரு வட்டாரப் போட்டியின் வழியிலும் ஏழு மாணவியர் ஓடினர் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். வட்டாரப் போட்டியில் ஒவ்வொருவரும் கூடுதலாக எடுத்துக்கொண்ட வினாடிகள் 31, 38, 40, 42, 44, 47, 95. இவற்றின் சராசரி 48. ஆனால் 95 வினாடி பின்தங்கியவர் விழுந்து எழுந்தவராகவோ காய்ச்சலுடன் ஓடியவராகவோ இருக்கலாம். அவர் ஒருவரால் சராசரி முழுவதும் சாய்ந்துவிடுகிறது. ஆகவே ஏறுவரிசையில் நடுவே நிற்கும் எண்ணாகிய 42 ஐக் கொள்வதே நன்று. வட்டாரப் போட்டியின் வழி, பள்ளி வழியைவிட 42 வினாடி கடினமானது என்பது இதனால் பெறப்படும். பள்ளி வழியில் ஓடாத, வேற்றூரைச் சேர்ந்த ஒரு மாணவி வட்டாரப் போட்டியை 17 நிமிடம் 10 வினாடியில் முடித்திருப்பின், பள்ளி வழியில் அவருடைய மதிப்பு 16 நிமிடம் 28 வினாடி. ஒருவரை ஒருவர் கண்டிராத இரண்டு மாணவியர் இவ்வாறு ஒரே ஏட்டில் அருகருகே வந்துவிடுகின்றனர். பருவம் முழுவதும் நடக்கும் ஐந்தாறு ஓட்டங்களை இப்படிச் சங்கிலியாகக் கோத்துவிட்டால், மாவட்டம் முழுவதற்கும் ஒரு தரவரிசை தானே உருவாகும்.

இதில் சில எச்சரிக்கைகள் தேவை. பாலமாக நிற்பவர் இருவர் மூவராக இருப்பின் கணக்கு ஆட்டம் காணும். ஏழெட்டுப் பேராவது வேண்டும். மெதுவாக ஓடுபவர் கடின நிலத்தில் மிகுதியான வினாடிகளை இழப்பர். ஆதலால் வேறுபாட்டை வினாடியாகக் கொள்வதினும் நேரத்தின் விழுக்காடாகக் கொள்வது பொருந்தும். பள்ளி வழியில் இடைநிலை நேரம் 1,000 வினாடியாயின், 42 வினாடி என்பது 4.2 சதவீதம். மழை பெய்த வழி நேற்றைய வழியாகாது. பெயர் ஒன்றாயினும் அதனைப் புதிய வழியாகவே கொள்ள வேண்டும். மேலும், மாணவரின் மதிப்பாக அவருடைய மிகச் சிறந்த ஓட்டத்தை எழுதும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அது தவறு. அண்மையில் ஓடிய மூன்று ஓட்டங்களின் நடு எண்ணையே எழுத வேண்டும்.

ஏன் எனில், மிகச் சிறந்த ஓட்டத்தில் திறமையுடன் நற்பேறும் கலந்திருக்கும். உயரமான பெற்றோரின் மக்கள் உயரமானவராயினும், சராசரியாக நோக்குமிடத்துப் பெற்றோரின் அளவுக்கு உயர்வதில்லை என்பதைப் பிரான்சிஸ் கால்ட்டன் 1886 இல் எண்களால் காட்டினார். சராசரியை நோக்கிய இத்திரும்புதல் ஓட்டத்திலும் உண்டு. ஒரு ஓட்டத்தில் தன் வழக்கத்தை மீறி விளங்கிய சிறுமி அடுத்த ஓட்டத்தில் சற்றுப் பின்தங்குவது பெரும்பாலும் இயற்கையே. சோம்பல் என்றும் செருக்கு என்றும் அதனைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர், கணக்கின் விளைவுக்காகக் குழந்தையைத் தண்டிப்பவராகிறார்.

தரவரிசை கிடைத்தபின் அதிலிருந்து இடத்தைக் கூறுவது இன்னொரு படி. இங்கே திரள் என்னும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 150 பேர் ஓடும் ஒரு போட்டியில் முதல் 10 பேர் 50 வினாடிக்குள் வந்து சேர்கின்றனர் என்றும், 40 ஆம் இடம் முதல் 100 ஆம் இடம் வரையுள்ள 61 பேர் 40 வினாடிக்குள் வந்துவிடுகின்றனர் என்றும் கொள்வோம். 15 நிமிட ஓட்டத்தில் ஒரு சதவீதம் என்பது 9 வினாடி. முன்வரிசையில் 9 வினாடி பிந்துபவர் இரண்டு இடங்களை இழப்பார். நடுத்திரளில் அதே 9 வினாடி பிந்துபவர் 13 இடங்களை இழப்பார். எனவே முதல் ஐந்து இடங்களைப் பற்றிய கணிப்பு பெரும்பாலும் மெய்ப்படுவதும், நடுவிலுள்ளவர் பற்றிய கணிப்பு பெரும்பாலும் பிழைபடுவதும் கணிப்பவரின் திறமையைப் பொறுத்தவை அல்ல. நடுத்திரளில் நிற்கும் மாணவருக்கு ஓர் இடத்தைக் குறிப்பதினும், 55 க்கும் 80 க்கும் இடையே என்று எல்லை குறிப்பதே நேர்மையானது.

அணி வெற்றியை இது நேரடியாகப் பாதிக்கிறது. உலகப் போட்டியின் இளையோர் பிரிவில் நால்வர் பெற்ற இடங்கள் கூட்டப்படுகின்றன; அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் எழுவர் ஓடி, முதல் ஐவரின் இடங்கள் கூட்டப்படுகின்றன. கூட்டுத்தொகை குறைந்த அணியே வெல்லும். ஓர் அணியின் நால்வர் 3, 8, 15, 70 ஆகிய இடங்களைப் பெற்றால் கூட்டுத்தொகை 96. மற்றோர் அணி 18, 21, 25, 30 என வந்தால் 94. முதல் இருபது இடங்களுள் ஒருவரை மட்டுமே கொண்ட இரண்டாம் அணி வென்றுவிடுகிறது. ஆனால் முதல் அணியின் நான்காமவர் திரளில் 9 வினாடி முந்தி 57 ஆம் இடத்துக்கு வந்திருந்தால், கூட்டுத்தொகை 83 ஆகி வெற்றி கைமாறியிருக்கும். அணியின் வெற்றி பேர்பெற்ற ஓட்டக்காரரிடம் இல்லை. எவரும் பெயர் அறியாத நான்காமவரிடம் உள்ளது. பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை முதல்வருக்கே செலவிடும் பள்ளிகள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.

வானிலையும் கணிப்புக்கு வெளியே நிற்கும் ஒன்றே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடும் வெயிலில் நடைபெற்ற கிராஸ்கண்ட்ரி ஓட்டத்தில் 38 பேர் புறப்பட்டு 15 பேரே ஓடி முடித்தனர். பின்லாந்தின் பாவோ நூர்மி எதிர்பார்த்தபடியே வென்றார். ஆயினும் அவ்வோட்டம் ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 2002 முதல் 2006 வரை உலகப் போட்டியில் ஆண்டுதோறும் குறுந்தொலைவு, நெடுந்தொலைவு ஆகிய இரண்டையும் வென்று வந்த எத்தியோப்பியாவின் கெனனிசா பெக்கலே, 2007 இல் கென்யாவின் மொம்பாசாவில் வெப்பமும் ஈரப்பதமும் தாளாது கடைசிச் சுற்றில் ஓட்டத்தைக் கைவிட்டார். எரித்திரியாவின் ஸெர்செனாய் டாடேசே வென்றார். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரருக்கே இந்நிலை எனில், குளிர்ந்த மலைப்பகுதியிலிருந்து சமவெளிக்கு வந்து முற்பகலில் ஓடும் பள்ளிச் சிறுவனைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

வளரும் உடல்

இதுவரை கூறியவை எல்லாம் சில வாரங்களுக்குள் நடைபெறும் போட்டியைப் பற்றியன. ஆண்டுகளைக் கடந்து கணிக்க முற்படும்போது வளர்ச்சி குறுக்கிடுகிறது. சிறுமியர் சராசரியாக 12 வயதை ஒட்டியும், சிறுவர் 14 வயதை ஒட்டியும் மிக விரைவாக உயர்கின்றனர். சராசரி என்பதன் பின்னே பெரும் வேறுபாடு மறைந்துள்ளது. 14 வயது நிறைந்த இரண்டு சிறுவர்களுள் ஒருவனுடைய எலும்பு முதிர்ச்சி 12 வயதினனுடையதாகவும், மற்றவனுடையது 16 வயதினனுடையதாகவும் இருக்கக்கூடும். இருவரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றனர், முதிர்ந்தவன் வெல்கிறான், அவனுக்கே திறமை உண்டு என்று எழுதப்படுகிறது. பிறந்த மாதம்கூட இவ்வாறு திறமையாக வேடம் பூணுவதுண்டு. கனடாவின் பனிவளைபந்தாட்டக் குழுக்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருந்ததை 1985 இல் பார்ன்ஸ்லி முதலியோர் எடுத்துக்காட்டினர். வயதைக் குறைத்துக் காட்டும் பொய்ச் சான்றிதழ்கள் இத்துடன் சேரும்போது கணிப்பு முற்றிலும் கெடும். 2010 இல் இந்திய அரசு விளையாட்டில் வயது மோசடியைத் தடுக்கும் நெறிமுறையை வெளியிட்டதற்கு நீதி மட்டுமன்று, இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது. உண்மை வயதில் ஓடும் சிறுவன், தன்னினும் இரண்டு ஆண்டு மூத்தவனிடம் தோற்றுத் தனக்குத் திறமை இல்லை என்று விலகிவிடுகிறான்.

முன்னே கூறிய ராட்கிளிஃப், 1986 இல் தம் 12 ஆம் வயதில் இங்கிலாந்தின் சிறுமியருக்கான ஒரு பெரிய கிராஸ்கண்ட்ரி போட்டியில் 299 ஆம் இடத்தையே பெற்றார். மறு ஆண்டு அதே போட்டியில் நான்காமவராக வந்தார். 1991 இல் ஆண்ட்வெர்ப் நகரில் உலகப் போட்டியின் இளையோர் பிரிவில் 15 ஆம் இடம். 1992 இல் பாஸ்டன் நகரில் அதே பிரிவில் முதலிடம். 299 ஆம் இடம் பெற்ற சிறுமியை அணியில் வைத்துக்கொண்டு இன்னும் ஓராண்டு ஓடவிட்டவர்கள் இல்லாதிருப்பின், எஞ்சிய வரலாறு இல்லை.

பதினாறு வயதைக் கடந்தபின் கணிப்பு ஓரளவு உறுதி பெறுகிறது. கென்யாவின் ஃபெயித் கிப்யெகோன் 2010 இல் உலக இளையோர் பிரிவில் நான்காம் இடமும் 2011 இல் முதலிடமும் பெற்றார். அந்நாட்டின் எலியுட் கிப்சோகே 2002 இல் ஐந்தாமவராகவும் 2003 இல் முதல்வராகவும் வந்தார். பின்னர் இருவரும் ஒலிம்பிக் பட்டம் பெற்றதை உலகம் அறியும். ஆயினும் இத்தகைய பெயர்களை மட்டும் அடுக்கிக் காட்டுவதில் ஒரு மயக்கம் உண்டு. இளையோர் பிரிவில் வென்று, பின் காயத்தாலோ வறுமையாலோ படிப்பாலோ மறைந்தவர்களின் பெயர் எவருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஆதலால் அவர்கள் கணக்கில் சேர்க்கப்படுவதும் இல்லை.

சிறுமியரைப் பற்றித் தனியே கூற வேண்டியது உண்டு. பூப்பெய்தும் பருவத்தில் இடுப்பு அகன்று உடலில் கொழுப்பின் பங்கு இயல்பாகவே கூடுகிறது. ஓரிரண்டு ஆண்டுகள் ஓட்ட நேரம் குறையாமல் நிற்கலாம். சிலருக்குக் கூடவும் செய்யலாம். சென்ற ஆண்டின் நேரத்தைக் கொண்டு இவ்வாண்டைக் கணித்திருந்த பயிற்சியாளர், கணிப்பு பொய்த்ததும் எடை கூடியதே காரணம் என்று கண்டு, உணவைக் குறைக்கச் சொல்கிறார். இளையோர் ஓட்டத்தில் முன்கணிப்பு செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு இதுவே. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாதபோது மாதவிடாய் நின்றுபோகிறது. எலும்பு அடர்த்தி குறைகிறது. கணைக்கால் எலும்பிலும் பாதத்திலும் முறிவு தோன்றுகிறது. 2014 இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு எச்சரிக்கை விடுத்தது. மாதவிடாய் நின்றுபோன ஓட்டக்காரியைக் கடும் பயிற்சியின் அடையாளமாகக் கருதாது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பருவமாற்றத்தைப் பொறுமையுடன் கடந்த சிறுமியர் மீண்டும் விரைவு பெறுவதைப் பலரும் கண்டுள்ளனர்.

நம் நாட்டில் இன்னும் அடிப்படையான காரணம் ஒன்று பெரும்பாலும் கண்ணுக்குத் தப்புகிறது. 2019–21 இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையான பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கும், அவ்வயது ஆண்களில் 31.1 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருந்தது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கிறது. 100 மில்லிலிட்டர் குருதியில் 12 கிராம் ஹீமோகுளோபின் உடையவர் 16 மில்லிலிட்டர் பிராணவாயுவைக் கொண்டுசெல்ல, 9 கிராம் உடையவர் 12 மில்லிலிட்டரையே கொண்டுசெல்ல முடியும். இதயமும் நுரையீரலும் எவ்வளவு நன்றாயினும் கால்பங்கு இழப்பை ஈடுசெய்ய இயலாது. அத்தகைய சிறுமி 110 ஆம் இடத்தில் வந்தால் அளக்கப்பட்டது அவளுடைய திறமையன்று, இரும்புச்சத்தின் குறையே. அணித் தேர்வுக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதியைச் சோதித்தல், வாராந்தர இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை உண்மையில் விழுங்கப்படுகிறதா எனக் கவனித்தல், குடற்புழு நீக்கம் ஆகியவை விலையுயர்ந்த எந்தச் சோதனைக் கருவியினும் கணிப்பைச் சீராக்கும்.

கணிப்பைச் சோதித்தல்

கணிப்பவர் தம் கணிப்பை எழுதி வைக்காவிடில், போட்டி முடிந்ததும் முன்னரே அறிந்திருந்ததாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு. எனவே போட்டிக்கு முந்திய நாள் வரிசையை எழுதி, தேதியிட்டு, வேறொருவர் கையொப்பத்துடன் வைத்தல் வேண்டும். முடிவு வந்தபின் இரண்டு வரிசைகளையும் ஒப்பிட, சார்லஸ் ஸ்பியர்மன் 1904 இல் வகுத்த தர ஒட்டுறவுக் கணக்கு போதுமானது. ஒவ்வொருவருக்கும் கணித்த இடத்திற்கும் பெற்ற இடத்திற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்கிக் கூட்டுக; அதனை 6 ஆல் பெருக்குக; ஓடியவர் எண்ணிக்கையை, அதன் வர்க்கத்தில் ஒன்று குறைத்துப் பெருக்கிய தொகையால் வகுக்க; வந்ததை 1 இலிருந்து கழிக்க. முற்றிலும் ஒத்திருப்பின் 1 வரும். தொடர்பே இல்லையாயின் 0 ஐ ஒட்டி வரும்.

ஆறு மாணவர்களுக்கு 1, 2, 3, 4, 5, 6 என்று கணித்திருக்க, அவர்கள் முறையே 2, 1, 3, 6, 4, 5 என்று வந்தனர் எனக் கொள்வோம். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 8; பெருக்கிய தொகை 48; வகுக்கும் எண் 210; விடை 0.77. இது நன்றாகத் தோன்றலாம். ஆனால் முந்திய ஓட்டத்தில் அவர்கள் பெற்றிருந்த 1, 2, 3, 5, 4, 6 என்ற வரிசையை எவ்விதச் சிந்தனையுமின்றிப் பெயர்த்தெழுதியிருந்தால் கூட்டுத்தொகை 4, விடை 0.89. ஆசிரியரின் ஆராய்ச்சி, வெறும் படியெடுத்தலுக்குக் கீழே நின்றுவிட்டது. தம் கணிப்பு படியெடுத்தலை வெல்கிறதா என்பதைப் பருவத்தின் எல்லா ஓட்டங்களுக்கும் போட்டுப் பார்ப்பவரே, தம் அனுபவத்தின் மதிப்பை அறிந்தவர். ஆறு பேரின் ஒரே ஓட்டத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்வதும் தவறு. ஒரு பருவத்தின் ஐந்தாறு ஓட்டங்களாவது ஏட்டில் இருக்க வேண்டும்.

ஏட்டில் மற்றொரு பத்தியும் தேவை. கணித்ததற்கு மிகவும் பின்தங்கி வந்தவர்களின் பெயரை அதில் எழுதி, போட்டிக்கு முந்திய வாரத்தில் காய்ச்சல் வந்ததா, காலையில் என்ன உண்டனர், எத்தனை மணி நேரம் பேருந்தில் வந்தனர், காலணி புதிதா, இவ்வாண்டு எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்தனர் என்று கேட்டுக் குறிக்கலாம். அடுத்த அணித் தேர்வின்போது முதலில் புரட்டப்பட வேண்டியது அந்தப் பத்தியே.